அயனித் திரவத்தில் எதை வாங்குவது? விலைப்பட்டியலுக்கு முன் பார்க்க வேண்டியவை

செல்லுலோஸைக் கரைக்க வேண்டும். அல்லது தண்ணீரில் கரைந்திருக்கும் ஒரு சாயத்தையோ உலோக அயனியையோ பிரித்தெடுக்க வேண்டும். 'அயனித் திரவம் வைத்துச் செய்து பார்' என்கிறார் வழிகாட்டிப் பேராசிரியர். விலைப்பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கான பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. முன்பு வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் எதைப் பயன்படுத்தினார்களோ அதற்கே இண்டென்ட், அதாவது கொள்முதல் கோரிக்கை, போட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அந்தக் கட்டுரை இருபது ஆண்டுக்கு முந்தையது என்றால், இன்று விவரம் தெரிந்தவர்கள் வாங்கத் தயங்கும் பாட்டில் ஒன்று நம் அலமாரிக்கு வந்து சேரும்.

எந்தத் திரவம் எதை நன்றாகக் கரைக்கும் என்று ஒப்பிட்டு எழுதியவை ஏராளம் இருக்கின்றன. நான் இங்கே ஒப்பிடப் போவது அதை அல்ல. சூடு பட்டால், ஈரம் சேர்ந்தால், மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் ஒவ்வொரு திரவமும் என்னவாக மாறுகிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறேன். ஒரு கல்லூரி ஆய்வகம் முடிவெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. பாட்டிலில் இருக்கும்வரை சாதுவாக இருப்பது ஹாட் பிளேட்டின் மேல் என்ன ஆகும் என்பது லேபிளில் எழுதியிருப்பதில்லை.

அடிப்படையை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உருகும் உப்புகளைத்தான் அயனித் திரவம் என்கிறோம். சமையல் உப்பு உருக 801 டிகிரி வேண்டும். 1914-இல் பால் வால்டன் விவரித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டோ 12 டிகிரியிலேயே உருகிவிடும். பிறகு அலுமினியம் குளோரைடு கலந்த வகை வந்தது. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே ஹைட்ரஜன் குளோரைடு புகையைக் கக்கும் குடும்பம் அது. காற்றும் ஈரமும் புகாத குளோவ் பாக்ஸ் இல்லாத ஆய்வகம் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். காற்றையும் ஈரத்தையும் தாங்கும் இமிடசோலியம் உப்புகளை வில்க்ஸும் சவரோட்கோவும் 1992-இல் அறிவித்த பிறகுதான் சாதாரண மேசையில் வைத்து வேலை செய்யும் அயனித் திரவங்கள் பரவலாயின. இன்று நம் கைக்கு வரும் பாட்டில்களில் பெரும்பாலானவை அந்த வம்சம்தான். ஆய்வகப் பேச்சில் பியூட்டில் கிளை உள்ளது 'பிமிம்', எத்தில் கிளை உள்ளது 'எமிம்'. கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

ஆவியாகாது என்ற பெருமை

அயனித் திரவங்களுக்குப் 'பசுமைக் கரைப்பான்' என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது அவற்றின் ஆவியழுத்தம். அறை வெப்பத்தில் அது அளக்க முடியாத அளவு குறைவு. இந்தப் பெருமையில் உண்மை இருக்கிறது. டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும், உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். ஈதர் என்றால் தீப்பொறிக்குப் பயப்பட வேண்டும். பல கல்லூரிகளில் ஃபியூம் ஹூடின் விசிறி சத்தம் போடுவதோடு சரி, காற்றை இழுப்பதில்லை. அப்படிப்பட்ட அறையில் நாள் முழுக்க நிற்கும் மாணவருக்கு மூச்சில் போகாத கரைப்பான் என்பது பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ஆவியாகாத பொருள் விழுந்த இடத்திலேயே இருக்கும். தராசுத் தட்டின் ஓரத்தில் ஒரு துளி சிந்தினால் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் தெரியும், வாசனையும் இருக்காது. டைகுளோரோமீத்தேன் என்றால் நிமிடத்தில் போயிருக்கும். இது மறுநாளும் அங்கேயே இருக்கும், அடுத்து எடை போட வருபவரின் முழங்கையில் ஒட்டும். கையுறையோடு கதவுக் கைப்பிடியைத் தொட்டால் கைப்பிடியில், கணினியைத் தொட்டால் விசைப்பலகையில். மூச்சு வழியே வந்த ஆபத்து தோல் வழிக்கும் வாய் வழிக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பாதுகாப்புப் பழக்கமும் அதற்கேற்ப மாற வேண்டும். இங்கே ஃபியூம் ஹூடைவிடக் கையுறையும், துடைக்கும் துணியும், கை கழுவும் ஒழுங்கும் முக்கியம்.

'ஆவியாகவே ஆகாது' என்பதும் முழு உண்மை இல்லை. சில அயனித் திரவங்களைத் தாழ்ந்த அழுத்தத்தில், 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி வாலை வடிக்கவே முடியும் என்று 2006-இல் 'நேச்சர்' இதழில் ஏர்லும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். 'தீப்பிடிக்காது' என்ற பேச்சுக்கும் அதே ஆண்டில் மறுப்பு வந்தது. திரவத்தின் ஆவி பற்றாவிட்டாலும், சூட்டில் அது உடைந்து வெளிவரும் பொருள்கள் பற்றிக்கொள்ளும் என்று இன்னொரு குழு செய்து காட்டியது. உப்பின் எதிர்மின் பாதியாக, அதாவது எதிரயனியாக, நைட்ரேட், டைசயனமைடு போன்றவை இருந்தால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

செல்லுலோஸ் கரைக்க: பிமிம் குளோரைடா, எமிம் அசிட்டேட்டா?

2002-இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபின் ராஜர்ஸின் குழு பிமிம் குளோரைடில் செல்லுலோஸைக் கரைத்துக் காட்டியது. 100 டிகிரியில் எடையில் 10 சதவீதம் வரை, மைக்ரோவேவ் சூட்டில் 25 சதவீதம் வரை கரைந்தது. பஞ்சு, மரக்கூழ், வாழைநார், கரும்புச் சக்கை என்று எதை எடுத்தாலும் இந்தக் கட்டுரையில் இருந்தே எல்லோரும் தொடங்குகிறார்கள். அதனால் பிமிம் குளோரைடையே வாங்குகிறார்கள்.

கையாள்வதற்கு அது சங்கடமான பொருள். உருகுநிலை 70 டிகிரிக்குப் பக்கம், எனவே பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக இறுகிக் கிடக்கும். ஸ்பாட்டுலாவால் குத்திப் பெயர்க்கப் பார்த்தால் சில்லு தெறிக்கும். தெறித்த சில்லு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு சிறிது நேரத்தில் பிசுபிசுப்பான துளியாகிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஐந்து கிராம் எடை போட்டு முடிப்பதற்குள் மேசை, தராசு, ஸ்பாட்டுலாவின் பிடி எல்லாவற்றிலும் அது ஒட்டியிருக்கும். மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு, பாட்டிலை 80 டிகிரி நீர்த்தொட்டியில் நிறுத்தி உருக்கி, ஊற்றி எடை போடுவதுதான் சரியான முறை. இறுக்கி மூடிய பாட்டிலை அடுப்பில் வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் வைப்பதும் வேண்டாம். அயனிகள் மைக்ரோவேவை மிக வேகமாக உறிஞ்சும். வெளியே கட்டியாகத் தெரியும்போதே நடுவில் சிதையும் அளவுக்குச் சூடேறியிருக்கும்.

நச்சுத்தன்மையைப் பாருங்கள். பல நிறுவனங்களின் பாதுகாப்புத் தரவுத் தாளில் பிமிம் குளோரைடு 'விழுங்கினால் நச்சு' என்ற பிரிவில் வருகிறது. தோலையும் கண்ணையும் உறுத்தும், நீர்வாழ் உயிர்களுக்கு நீண்டகாலக் கேடு என்ற எச்சரிக்கைகளும் கூடவே இருக்கின்றன. சூட்டில் இது வந்த வழியே திரும்பிப் போகும். குளோரைடு அயனி பியூட்டில் கிளையைப் பறித்துக்கொள்ள, மெத்தில் இமிடசோலும் குளோரோபியூட்டேனும் வெளிவரும். முன்னது தோலைப் புண்ணாக்கும் காரப்பொருள், பின்னது எளிதில் தீப்பற்றும். போதாதற்கு, ஈரத்தோடு சேர்ந்த சூடான குளோரைடு எஃகுப் பாத்திரத்தை அரிக்கும்.

எமிம் அசிட்டேட் அறை வெப்பத்திலேயே திரவம். உருக்க வேண்டாம், குத்த வேண்டாம், பிப்பெட்டில் எடுக்கலாம். தேன் மாதிரிக் கெட்டியாக இருக்கும், மெதுவாக இழுக்க வேண்டும், அவ்வளவே. கையாளும் படிகள் குறைந்தாலே விபத்தும் குறைகிறது. நச்சுத்தன்மையும் கணிசமாகக் குறைவு. எலிகளில் வாய்வழிச் சோதனையில் கொல்லும் அளவு கிலோவுக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் என்பதால் பல தாள்களில் அபாயக் குறியீடே இல்லை. செல்லுலோஸைக் கரைப்பதிலும் இது பிமிம் குளோரைடுக்கு இளைத்ததல்ல. குறைந்த சூட்டில், குறைந்த பிசுக்குமையில் வேலை முடிந்துவிடுகிறது.

இதற்கும் குறைகள் உண்டு. அசிட்டேட் ஒரு காரம். இமிடசோலியம் வளையத்தின் இரண்டாவது கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனை அது சிறிதளவு பிடுங்கும், அப்போது உருவாகும் கார்பீன் செல்லுலோஸ் சங்கிலியின் முனையோடு வினைபுரியும். 'வெறும் கரைப்பான்' என்று நினைத்து வைத்த பொருள் வினைப்பொருளாகிவிடும். சூட்டையும் அதிகம் தாங்காது. வெப்ப எடையிழப்பு வரைபடத்தில் சிதைவு 200 டிகிரிக்குச் சற்று மேலே தொடங்குவதாகத் தெரியும். அதை நம்பி 180 டிகிரியில் இரவு முழுக்க விட்டுப் போகக் கூடாது. அந்த வரைபடம் நிமிடத்துக்கு 10 டிகிரி என்று வேகமாகச் சூடேற்றி எடுத்தது. மணிக்கணக்கில் ஒரே சூட்டில் வைத்தால் அதைவிடப் பல பத்து டிகிரி கீழேயே சிதைவு நடந்துகொண்டிருக்கும். இது எல்லா அயனித் திரவங்களுக்கும் பொருந்தும். 100 டிகிரியைத் தாண்டாமல், நைட்ரஜன் ஓட்டத்தில் வேலையை முடிப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டில் எது என்று கேட்டால் தயங்காமல் எமிம் அசிட்டேட். பாதுகாப்பு, வசதி இரண்டும் ஒரே பக்கம் சாய்வது அரிது, இங்கே சாய்கிறது. அசிட்டேட்டின் காரத்தன்மை உங்கள் வினையைக் கெடுக்கும் என்றால் எமிம் டைஎத்தில் பாஸ்பேட்டைப் பாருங்கள். அதுவும் செல்லுலோஸைக் கரைக்கும், குளோரைடு போன்ற ஹாலைடும் இல்லை. 'எங்களிடம் ஏற்கெனவே பிமிம் குளோரைடு அரைக் கிலோ இருக்கிறதே' என்பவர்கள் அதைப் பயன்படுத்தித் தீர்க்கலாம், மறுபடி வாங்க வேண்டாம்.

கிளையின் நீளத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எத்தில், பியூட்டில், ஹெக்சில், ஆக்டில் என்று சங்கிலி நீள நீள, ஒளிரும் பாக்டீரியா முதல் டாஃப்னியா நீர்ப்பூச்சி வரை சோதித்த உயிர்கள் எல்லாவற்றுக்கும் நச்சு ஏறிக்கொண்டே போகிறது. நீளமான கிளை செல்சவ்வுக்குள் எளிதாக நுழைவதுதான் காரணம். இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு குப்பைமேட்டைச் சுற்றிய மண்ணில் ஆக்டில் மெத்தில் இமிடசோலியத்தைக் கண்டறிந்தார்கள். கல்லீரலின் பித்தக்குழாய்களைத் தாக்கும் ஒரு தன்னெதிர்ப்பு நோயை அது தூண்டக்கூடுமோ என்ற கேள்வியையும் எழுப்பினார்கள். கேள்விக்கு முடிவான விடை வரவில்லை. ஆனால் கொட்டினால் மண்ணிலேயே தங்கும் என்பது தெரிந்துவிட்டது. ஆகவே ஒரே வேலையை எமிமும் செய்யும், ஆக்டிலும் செய்யும் என்றால் குட்டைக் கிளையையே எடுங்கள்.

பிரித்தெடுக்க: பி.எஃப்-6 பாட்டிலைப் பற்றி

தண்ணீரோடு கலக்காத அயனித் திரவம் வேண்டும் என்றால் முதலில் கண்ணில் படுவது பிமிம் ஹெக்சாபுளோரோபாஸ்பேட், ஆய்வகப் பேச்சில் பி.எஃப்-6. பழைய கட்டுரைகளில் பாதி இதை வைத்துச் செய்தவை. அடுத்துப் பார்க்கப் போகும் என்டிஎஃப்-2 வகையைவிட விலையும் மலிவு. லேபிளைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. தோல் உறுத்தல், கண் உறுத்தல், மூச்சுப்பாதை உறுத்தல், அவ்வளவுதான். எலும்புக்கூடு படம்கூட இருக்காது.

அலபாமா குழுவே 2003-இல் இதைப் பற்றி எச்சரித்தது. பிமிம் ஹெக்சாபுளோரோபாஸ்பேட்டைத் தயாரித்துச் சூடாக்கி உலர்த்தும்போது கிடைத்த படிகங்களை ஆராய்ந்தால், அவை பிமிம் புளோரைடு ஹைட்ரேட். அதாவது பாஸ்பரஸிலிருந்து புளோரின் கழன்று வந்திருக்கிறது. ஈரமும் சூடும் அமிலத்தன்மையும் சேர்ந்தால் ஹெக்சாபுளோரோபாஸ்பேட் நீராற்பகுந்து ஹைட்ரஜன் புளோரைடைத் தரும்.

ஹைட்ரோபுளோரிக் அமிலத்தை மற்ற அமிலங்களோடு ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. கந்தக அமிலம் பட்டால் உடனே எரியும், கையை இழுத்து நீரில் காட்டுவோம். நீர்த்த ஹைட்ரோபுளோரிக் அமிலம் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. வலி வர பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் புளோரைடு தோலைத் தாண்டி உள்ளே போய்த் திசுக்களின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அடர் அமிலம் அதிகப் பரப்பில் பட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி இதயத்துடிப்பே தடுமாறும். 'உறுத்தல் மட்டும்' என்று லேபிள் போட்ட பாட்டிலை வைத்திருக்கும் மாணவருக்கு, தன் பிளாஸ்க்கில் இது இருக்கலாம் என்று சந்தேகிக்கவே காரணம் இல்லை. எனக்கு இந்தப் பாட்டிலைப் பற்றிய பெரிய கவலை அதுதான்.

இதைக் காட்டிக்கொடுப்பது கண்ணாடி. பல முறை மீட்டுப் பயன்படுத்திய பி.எஃப்-6 திரவத்தை ரோட்டரி எவாப்பரேட்டரில் உலர்த்திய ஆர்.பி. பிளாஸ்க்கை (உருண்டை அடிக் குடுவை) கழுவிக் காயவைத்துப் பாருங்கள். திரவம் நின்ற மட்டத்தில் மங்கலான வளையம் ஒன்று தெரியலாம். அசிட்டோன் போட்டுத் தேய்த்தாலும் போகாது, நகத்தால் தடவினால் சொரசொரப்பு தட்டுப்படும். அழுக்கு என்று நினைத்து ஓரம் வைத்துவிடுவார்கள். அது புளோரைடு கண்ணாடியை அரித்த தடம். அந்தத் தடத்தைப் பார்த்தால் பிளாஸ்க்கை மட்டுமல்ல, அதிலிருந்து வெளியேற்றிய நீரைச் சேர்த்த கழிவு கேனையும் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

ஆய்வகத்திலேயே தயாரிப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். பிமிம் குளோரைடோடு ஹெக்சாபுளோரோபாஸ்பாரிக் அமிலத்தைச் சேர்க்கும் செய்முறை ஒன்று பழைய கட்டுரைகளில் உண்டு. அந்த அமிலப் பாட்டிலிலேயே ஹைட்ரஜன் புளோரைடு இருக்கும். கழுவுவது குறைந்தால் மீந்த அமிலம் திரவத்திலேயே தங்கி, பின்னால் நடக்கும் சிதைவைத் தானே தூண்டும். தயாரித்தே ஆக வேண்டும் என்றால் பொட்டாசியம் உப்பு வைத்துச் செய்யும் முறையை எடுங்கள், கழுவிய நீர் பிஎச் தாளில் நடுநிலை காட்டும்வரை கழுவுங்கள்.

டெட்ராபுளோரோபோரேட் (பி.எஃப்-4) இதைவிடச் சாது என்று ஓர் எண்ணம் உலவுகிறது. உண்மை தலைகீழ். போர்த்துகலின் அவெய்ரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட்ட குழு 2010-இல் இரண்டையும் நீரில் வைத்து ஒப்பிட்டது. ஹெக்சாபுளோரோபாஸ்பேட் சூட்டிலோ அமிலத்திலோதான் சிதைந்தது. டெட்ராபுளோரோபோரேட் அறை வெப்பத்திலேயே மெல்ல நீராற்பகுந்தது. எமிம் டெட்ராபுளோரோபோரேட்டை உலர்ந்த குளோவ் பாக்ஸில் மின்பகுளியாகப் பயன்படுத்துவோர் பயன்படுத்தட்டும். நீரோடு சேர்த்துச் செய்யும் வேலைக்கு அதை வாங்காதீர்கள்.

சரி, பி.எஃப்-6 ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது, என்ன செய்வது? முதலில் அதோடு ஒரு துளி நீரைக் குலுக்கி, நீர் அடுக்கைப் பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். அமிலம் காட்டினால் அது கழிவு, பயன்படுத்தும் பேச்சே வேண்டாம். நடுநிலை என்றால் அறை வெப்பத்தில், அமிலம் சேராத வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு முடித்துவிடலாம். பிரிபுனலில் இது கீழே நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள், அடர்த்தி ஏறத்தாழ 1.37. ஈதர், எத்தில் அசிட்டேட்டில் பழகிய கை 'கீழே இருப்பது தண்ணீர்' என்று எண்ணித் தொட்டியில் இறக்கிவிடும்.

என்டிஎஃப்-2: உறுதி உண்டு, பின்விளைவும் உண்டு

பி.எஃப்-6-க்கு மாற்றாக எல்லோரும் காட்டுவது பிஸ்ட்ரைபிளிமைடு எதிரயனி உள்ளவை, ஆய்வகப் பேச்சில் என்டிஎஃப்-2. இதில் புளோரின் கார்பனோடு பிணைந்திருக்கிறது. நீரில் கொதித்தாலும் கழலாது. பிமிம் என்டிஎஃப்-2 நீரோடு கலக்காது, பி.எஃப்-6-ஐவிடப் பல மடங்கு இளக்கமாக ஓடும், எனவே குலுக்கினால் அடுக்கு சீக்கிரம் பிரியும். வேலை என்று பார்த்தால் இதற்கு நிகரில்லை.

லேபிள் மட்டும் பி.எஃப்-6-ஐவிடக் கடுமையாக இருக்கும். சில நிறுவனங்களின் தாளில் விழுங்கினாலும் தோலில் பட்டாலும் நச்சு என்றே போட்டிருக்கும். லேபிளை மட்டும் பார்த்து ஒப்பிடுபவர் பி.எஃப்-6-ஐத்தான் தேர்ந்தெடுப்பார். சிதைவைப் பார்த்து ஒப்பிட்டால் என்டிஎஃப்-2. நீரும் சூடும் அமிலமும் சேரும் வேலைக்கு நான் இரண்டாவது கணக்கின் பக்கம். தெரிந்த நச்சைக் கையுறை போட்டுக் கையாளலாம். தெரியாமல் உருவாகும் புளோரைடுக்கு யாரும் தயாராக நிற்பதில்லை.

ஆனால் உடையாத அந்தக் குணம் வேறு இடத்தில் குறையாகிறது. இதன் இரு முனைகளிலும் முழுக்கப் புளோரின் ஏறிய மெத்தில் தொகுதிகள் இருப்பதால், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு 2021-இல் வகுத்த வரையறைப்படி இது பிஃபாஸ் என்ற புளோரின் சேர்மக் கூட்டத்தில் சேரும். நிலத்தடி நீரில் கலந்தால் ஆண்டுக்கணக்கில் அழியாத கூட்டம் அது. லித்தியம் மின்கலங்களில் பயன்படும் இதே குடும்ப அயனிகள் நீரிலும் மண்ணிலும் கலந்துகொண்டிருப்பதை 2024-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கழிவைத் தனியே சேர்த்து, உயர்வெப்ப எரியூட்டலுக்கு அனுப்ப வழியில்லாத ஆய்வகம் இதை வாங்குவது அறமாகாது என்பது என் கருத்து. கடுமையான கருத்துதான், மாற்றிக்கொள்ளும் எண்ணமில்லை.

அதற்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறது. அந்தப் பிரித்தெடுத்தலை எத்தில் அசிட்டேட்டில் செய்ய முடியாதா? தீப்பற்றும்தான், மணக்கும்தான். ஆனால் அதன் ஆபத்து நமக்கு நன்றாகத் தெரியும், சுற்றுச்சூழலில் சீக்கிரம் சிதையும், மீட்பதும் சுலபம். புதுமை என்பதற்காகவே அயனித் திரவத்துக்குப் போகும் திட்டப்பணிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கோலின் குளோரைடும் யூரியாவும்

2003-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ அபாட் குழு, கோலின் குளோரைடு ஒரு பங்கு, யூரியா இரண்டு பங்கு மோல் கணக்கில் கலந்தால் 12 டிகிரியில் உருகும் திரவம் கிடைக்கும் என்று காட்டியது. தனித்தனியே ஒன்று 302 டிகிரியில், மற்றொன்று 133 டிகிரியில் உருகுபவை. கறாராகச் சொன்னால் இது அயனித் திரவம் அல்ல, ஆழ் யூடெக்டிக் கரைப்பான். ஆனால் பட்டியலில் பக்கத்திலேயே நிற்பதால் ஒப்பிட்டாக வேண்டும்.

கோலின் குளோரைடு கோழித்தீவனத்தில் சேர்ப்பது, யூரியா உரக்கடையில் கிடைப்பது. 80 டிகிரியில் கலக்கினால் தெளிந்த திரவமாகிவிடும். கழிவும் எளிதில் மக்கும். உலோக ஆக்சைடு கரைப்பது, மின்முலாம் பூசுவது, சில கரிமத் தொகுப்பு வினைகள் ஆகியவற்றுக்கு இதையே முதலில் பார்க்கச் சொல்வேன். செல்லுலோஸை இது கரைக்காது, அதை எதிர்பார்த்து வாங்க வேண்டாம். கவனிக்க வேண்டியது சூடு: நீண்ட நேரம் சூடாக்கினால் யூரியா சிதைந்து அம்மோனியா வரும். மூடிய குழாயில் வைத்தால் அழுத்தம் ஏறும். இதே குடும்பத்தில் யூரியாவுக்குப் பதில் எத்திலீன் கிளைக்கால் சேர்த்த கலவையும் உண்டு. அந்தக் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. 'கோலின்தானே' என்று இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

வாங்குவதா, தயாரிப்பதா?

பணத்தை மிச்சப்படுத்த ஆய்வகத்திலேயே தயாரிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மெத்தில் இமிடசோலோடு குளோரோபியூட்டேனைச் சேர்த்து இரண்டு மூன்று நாள் சூடாக்கினால் பிமிம் குளோரைடு. செய்முறை எளிதுதான், ஆனால் பாட்டிலில் வாங்கினால் நாம் பார்க்கவே தேவையில்லாத இரண்டு பொருள்களை இதில் கையாள்கிறோம். தோலை அரிக்கும் மெத்தில் இமிடசோல் ஒன்று, 78 டிகிரியில் கொதிக்கும், தீப்பற்றும் குளோரோபியூட்டேன் மற்றொன்று. குளோரைடுக்குப் பதில் புரோமைடு வைத்தால் வினை தானாகவே சூடேறும். பத்து கிராம் அளவில் அடங்கிய சூடு, அரைக் கிலோ அளவில் அடங்காது. சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பனிக்கட்டித் தொட்டியைக் கையருகே வைத்திருக்க வேண்டும். 50 கிராம் போதும் என்றால் வாங்கிவிடுவதே மேல்.

பாட்டில் வருவதற்கு முன்

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பாதுகாப்புத் தரவுத் தாளில் 'தரவு இல்லை' என்ற வரி எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். அயனித் திரவங்களின் தாள்களில் அது நிறைய வரும். நீண்டகால நச்சு, கருவுக்குப் பாதிப்பு ஆகிய இடங்களில் குறிப்பாக. அதைப் 'பாதிப்பு இல்லை' என்று படிப்பவர்கள் உண்டு. யாரும் சோதிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். அப்படிப்பட்ட பொருளை, நச்சு என்று தெரிந்த பொருளுக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு கையாள வேண்டும்.

நைட்ரைல் கையுறை பெரும்பாலான அயனித் திரவங்களைத் தனியே இருக்கும்போது நன்றாகவே தடுக்கும். அசிட்டோனிலோ டைகுளோரோமீத்தேனிலோ கரைத்துவிட்டால் அந்தக் கரைப்பான் கையுறையைத் துளைத்துக்கொண்டு போகும், அயனித் திரவத்தையும் கூட அழைத்துப் போகும். கலவையைத் தொட்டால் கையுறையை உடனே மாற்றுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டியில் வைக்கும்போதும் வேகமாகக் கலக்கும்போதும் நுண்துளிகள் கிளம்பும். ஆவியாகாத பொருள் மூச்சில் போக அது ஒரு வழி. எனவே மூடி வையுங்கள். தரையில் சிந்தினால் வழுக்கும். முதலில் உறிஞ்சும் தாளில் எடுத்து, பிறகு எத்தனால் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து, துணியையும் கழிவுப் பையில் போட வேண்டும்.

பி.எஃப்-6, பி.எஃப்-4 இரண்டில் எது அறையில் இருந்தாலும் 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நம் ஊர் மருந்துக்கடைகளில் ஜெல்லாகக் கேட்டால் கிடைப்பது கடினம். 10 சதவீத ஊசிமருந்து கிடைக்கும். அதில் 25 மில்லிலிட்டரை நீரில் கரையும் மருத்துவ ஜெல்லி 75 மில்லிலிட்டரில் கலந்தால் அந்த அளவு வரும். கல்லூரி மருத்துவரிடம் சொல்லி முன்கூட்டியே தயாரித்து, தேதி எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தாலே ஓடும் நீரில் கழுவி, ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'ஹைட்ரோபுளோரிக் அமிலம்' என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வெளிப்பார்வைக்குப் புண்ணே இல்லாத கையைப் பார்க்கும் அவசரப் பிரிவு மருத்துவருக்கு அந்தத் தாள் தேவைப்படும்.

கழிவுக்கு மூன்று கேன்கள் போதும்: ஹாலஜன் இல்லாதவை ஒன்றில், குளோரைடும் என்டிஎஃப்-2-வும் ஒன்றில், பி.எஃப்-6, பி.எஃப்-4 தனியே ஒன்றில். மூன்றாவது கேன் பாலித்தீனாக இருக்கட்டும், கண்ணாடி வேண்டாம். அமிலக் கழிவு எதுவும் அதில் சேரக் கூடாது. இண்டென்ட் எழுதும்போதே கழிவை எடுத்துச் செல்லும் நிறுவனத்திடம் இந்த மூன்று கேன்களுக்கும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மூன்றாவதை ஏற்க மறுத்தால், அந்தப் பாட்டிலை இண்டென்டிலிருந்து அடித்துவிடுங்கள்.